வெறுங்கையோடு கடல் கடந்தவர்கள் – 7: யோட்சுயாவிலிருந்து லண்டனுக்கு

1957 ஏப்ரல் 26 அன்று கிச்சின் ஃபுனாகோஷி டோக்கியோவில் காலமானார். வயது 88. ஒக்கினாவாவின் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1922-இல் தலைநகருக்கு வந்து, தன் தீவின் கலையை ஜப்பானின் பல்கலைக்கழகங்களுக்குள் எப்படிக் கொண்டுபோனார் என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். கடைசிக் காலத்தில் அந்தப் பெரியவர் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. 1945-இல் குண்டுவீச்சில் அவருடைய டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம், எரிந்தது. அதே ஆண்டு மகன் யோஷிதகா இறந்தார். 1947-இல் மனைவியும் போய்விட்டார். அதற்குப் பிறகும் டோக்கியோவுக்குத் திரும்பி, பழைய மாணவர்கள் 1949-இல் அமைத்த ஜப்பான் கராத்தே சங்கத்துக்குக் கௌரவத் தலைவராக இருந்தார். அவர் கண்மூடுவதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் அந்தச் சங்கத்துக்கு முறையான அங்கீகாரம் கொடுத்திருந்தது.

குரு போய்விட்டார், சங்கம் நிற்கிறது. இனி யார் சொல்லிக்கொடுப்பது? அந்தக் கேள்விக்கான பதில் ஏற்கெனவே டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் இருந்த சங்கத் தலைமையகத்தில் வியர்வை சிந்திக்கொண்டிருந்தது. ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். அதிலிருந்து முதலில் தேறி வெளியே வந்தவர்களில் இருவரை இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் தகயுகி மிகாமி. இன்னொருவர் இந்தப் பகுதியின் நாயகர் ஹிரோகஸு கனஸாவா.

கனஸாவா 1931 மே 3 அன்று ஜப்பானின் வடகிழக்கே உள்ள இவாத்தே மாநிலத்தில் பிறந்தார். பள்ளி நாட்களில் ஜூடோ பழகி, அதில் இரண்டாம் டான் வரை எட்டியவர். கராத்தே அவர் வாழ்க்கைக்குள் வந்தது டோக்கியோவின் தகுஷோகு பல்கலைக்கழகத்தில்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பான் தைவானைக் கைப்பற்றி ஆண்டுகொண்டிருந்த காலத்தில், 1900-இல், அங்கே போய் வேலை பார்க்க ஆட்களைத் தயார்செய்வதற்காகத் தொடங்கப்பட்ட கல்விக்கூடம் அது. கடல் கடந்து போவது, வேற்று மொழியாரோடு பழகுவது, அயலூரில் காலூன்றுவது ஆகியவைதான் அதன் பிறவி நோக்கம். 1945-இல் சாம்ராஜ்யம் சரிந்தது. ஆள்வதற்கு நாடுகள் இல்லை. ஆனால் வெளிநாடு போக வேண்டும் என்ற அந்தப் பழைய பழக்கம் அங்கே சாகவில்லை என்றே நினைக்கிறேன். அடுத்த இருபது ஆண்டுகளில் ஃபுனாகோஷியின் வழியான ஷோடோகான் கராத்தேயை உலகெங்கும் எடுத்துச் சென்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். நிஷியாமா, ஒகஸாகி, கனஸாவா, எனோடா, அஸாய் என்று தகுஷோகு மாணவர்களே வரிசையாக வருகிறார்கள். முன்பு அதிகாரிகளை ஏற்றுமதி செய்த இடம், தோல்விக்குப் பிறகு ஆசிரியர்களை ஏற்றுமதி செய்தது.

தகுஷோகு கராத்தே குழுவின் பயிற்சி, கடுமைக்குப் பெயர்போனது. பயிற்றுநர் மசடோஷி நாகயாமா ஃபுனாகோஷியின் நேர் மாணவர். 1937-இல் சீன மொழி படிக்கப் பீக்கிங் போனவர், போர் முடிந்து 1946-இல்தான் ஊர் திரும்பினார். அவர் முன்னிலையில் மாணவர்கள் செய்த வேலையில் பெரும்பகுதி, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அலுப்பூட்டக்கூடியது. ஒரே குத்து, ஒரே உதை, ஒரே நகர்வு. நூறு முறை, மறுபடி நூறு முறை.

மகிவாரா என்ற பலகையைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தரையில் நட்ட மரப்பலகை; அடியில் தடிமனாகவும் மேலே போகப்போக மெல்லியதாகவும் இழைத்திருப்பார்கள். அதனால் குத்தும்போது பின்னால் வளைந்து கொடுக்கும். நெஞ்சு உயரத்தில் வைக்கோல் கயிறு சுற்றியிருக்கும். முட்டியின் முதல் இரண்டு கணுக்கள் மட்டும் அதில் பட வேண்டும். புதியவருக்குச் சில நாளில் தோல் உரியும், ரத்தம் கயிற்றில் ஒட்டும், பிறகு அந்த இடம் காய்த்துப்போகும். கை காய்ப்பதற்குத்தான் மகிவாரா என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பலகை திருப்பித் தள்ளும் அந்த நொடியில் இடுப்பும் பின்னங்காலும் சரியாக இருக்கிறதா என்று காட்டிக்கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. பின்னங்குதிகால் தரையை விட்டு எழும்பினால் பலகை உங்களையே பின்னுக்குத் தள்ளிவிடும். அது பொய் சொல்லாத ஆசிரியர்.

கனஸாவா கறுப்புப் பட்டை வாங்க எடுத்துக்கொண்டது ஒன்றரை ஆண்டு. 1956-இல் பட்டம் பெற்றுச் சங்கத்தில் சேர்ந்து, ஆசிரியர் பயிற்சிக்குள் நுழைந்தார்.

இந்த ஆசிரியர் பயிற்சிதான் கராத்தே வரலாற்றில் பெரிய திருப்பம் என்பேன். அதுவரை ஓர் ஆசான் இருப்பார், அவருக்குப் பிடித்த மாணவர் அவருக்குப் பின் சொல்லிக்கொடுப்பார். ஆசான் எப்படிச் சொன்னாரோ, மாணவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அவ்வளவுதான் அடுத்த தலைமுறைக்குப் போகும். நாகயாமாவும் அவரோடு நிஷியாமா, ஒகஸாகி போன்றவர்களும் இதை மாற்றினார்கள். தேர்ந்தெடுத்த பட்டதாரிகளை ஓராண்டு முழுநேரமாக உட்காரவைத்து, உடற்கூறு, உடலியக்கம், உளவியல், போட்டி விதி, கற்பிக்கும் முறை என்று பாடத்திட்டம் போட்டார்கள். தினசரிப் பயிற்சி தனி. ஒரு குத்து ஏன் பலமாக விழுகிறது, எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்த ஆசிரியரே அவர்களுக்கு வேண்டியிருந்தது. இன்று நம்மூர்ப் பள்ளி மைதானங்களில் சாயங்காலம் பிள்ளைகள் வரிசையாக நின்று "இச், நி, சான்" என்று எண்ணிக் குத்துகிறார்களே, ஷோடோகான் வகுப்புகளில் அந்த வரிசையும், கிஹோன் (அடிப்படை அசைவுகள்), கட்டா (வகுத்த அசைவுத் தொடர்), குமிதே (எதிராளியோடு மோதுவது) என்ற பகுப்பும் இவ்வளவு சீராக இருப்பதற்கு யோட்சுயாவில் நடந்த இந்த வேலை ஒரு முக்கியக் காரணம்.

போட்டி விதிகளும் அப்போதுதான் உருவாயின. அதற்கு முன்பு பல்கலைக்கழகக் குழுக்கள் ஒன்றையொன்று அழைத்துச் சேர்ந்து பழகுவதுண்டு. பெயர்தான் பரிமாற்றப் பயிற்சி. பல சமயம் மூக்கும் பல்லும் உடைந்து, அடிதடியாகவே முடிந்தது. இதைப் பார்த்து வருந்திய நாகயாமா, அடி உடலில் படுவதற்கு முன் நின்றுவிட வேண்டும், முழு வேகத்தோடும் கட்டுப்பாட்டோடும் விழுந்த ஒரே ஒரு தெளிவான அடி வெற்றியைத் தீர்மானிக்கும் என்ற அடிப்படையில் விதிகளை அமைத்தார். அந்த விதிகளின்படி முதல் அனைத்து ஜப்பான் போட்டி 1957-இல் நடந்தது.

கனஸாவாவைப் பற்றி எங்கே யார் பேசினாலும் இந்தப் போட்டியில்தான் தொடங்குவார்கள். போட்டிக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அவருடைய வலது கை எலும்பு முறிந்தது. மருத்துவர் கூடாது என்றார். கனஸாவாவும் விலகிக்கொள்ளவே முடிவுசெய்தார். ஆனால் மகன் ஆடுவதைப் பார்க்க அவருடைய தாயார் ஊரிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். கை உடைந்ததால் ஆடப்போவதில்லை என்று மகன் சொன்னதும், ஒரு கைதானே உடைந்திருக்கிறது, கராத்தேயில் இன்னொரு கைக்கும் இரண்டு கால்களுக்கும் வேலையே இல்லையா என்று கேட்டாராம். கனஸாவாவே பின்னாளில் சொன்ன கதை இது. அந்தக் கேள்விக்குப் பிறகு விலகிக்கொள்ள முடியுமா? கட்டுப்போட்ட கையோடு இறங்கினார். இடது கையால் தடுத்து, காலால் முடித்து, குமிதேயில் முதல் பட்டத்தை வென்றார்.

வீரக் கதை, சந்தேகமில்லை. அந்தத் தாயை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. ஆனாலும் என்னைப் பொறுத்தவரை, கனஸாவா யார் என்று புரிந்துகொள்ள 1957-ஐ விட அடுத்த ஆண்டு நடந்ததுதான் முக்கியம்.

1958 இறுதிப் போட்டியில் அவருக்கு எதிரே வந்து நின்றவர் மிகாமி. ஒரே ஆசிரியர் பயிற்சியில், ஒரே கூரையின் கீழ், நாள் தவறாமல் எதிரெதிரே நின்று பழகிய இருவர். மிகாமியின் தோள் எப்போது அசையும் என்று கனஸாவாவுக்குத் தெரியும். கனஸாவாவின் முன்னங்கால் எந்த நொடியில் எடை இழக்கும் என்று மிகாமிக்குத் தெரியும். நடுவர் தொடங்கச் சொன்னார். இருவரும் கைகளை நிறுத்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் அரை அடி முன்வந்தால் மற்றவர் அரை அடி விலகுகிறார். அடிக்க வழி திறந்தால்தானே அடிக்க முடியும்? நேரம் முடிந்தது, நீட்டித்தார்கள். மறுபடியும் நீட்டித்தார்கள். கடைசியில் நடுவர்கள் இருவரையுமே வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். கட்டா பட்டமும் அந்த ஆண்டு கனஸாவாவுக்கே கிடைத்தது.

கூச்சலும் ரத்தமும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பயிற்சிப் பள்ளி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எதிராளி கை ஓங்குவதற்கு முன்பே அவனைப் படித்துவிடுகிற இரண்டு பேரை ஓராண்டில் அது உருவாக்கியிருந்தது. இருவரும் பிறகு ஜப்பானை விட்டு வெளியேறினார்கள். மிகாமி பிலிப்பைன்ஸில் சொல்லிக்கொடுத்து, பின்னர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நிலைகொண்டார். கனஸாவாவுக்கு முதலில் வாய்த்தது ஹவாய்.

1961 ஜனவரியில் அவர் அங்கே போனபோது ஹவாய் கராத்தே அறியாத ஊர் இல்லை. கரும்புத் தோட்ட வேலைக்காக ஒக்கினாவாவிலிருந்து முதல் தொழிலாளர்கள் 1900-இலேயே அங்கே இறங்கிவிட்டார்கள். அவர்களில் சிலர் ஊரில் கற்ற வித்தையைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். வெளியாருக்குக் காட்டாமல், தங்களுக்குள் பழகினார்கள். ஒக்கினாவாவின் பெரிய ஆசான் கென்ட்சு யாபு 1927-இல் அங்கே செய்துகாட்டினார். சோகி மோடோபு 1932-இல் ஹவாய்க் கரை வரை வந்தும் உள்ளே அனுமதிக்கப்படாமல் திரும்ப நேர்ந்தது. சோஜுன் மியாகி 1934-இல் வந்து சில காலம் கற்பித்தார். ஆகவே ஹவாயில் கராத்தேயின் வேர், உழைப்பாளிகளின் வேர். கைகாலைத் தவிர வேறு சொத்தில்லாமல் கப்பலேறிய மனிதர்கள் வைத்த வேர். இதைச் சொல்லாமல் ஜப்பானிலிருந்து வந்த பட்டதாரி ஆசிரியர்களை மட்டும் முன்னோடிகள் என்று எழுதுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கனஸாவா கொண்டுவந்தது அமைப்பு. எந்த வகுப்புக்கு என்ன பாடம், எந்தப் பட்டைக்கு எந்தக் கட்டா, தேர்வில் எதைப் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு. ஜப்பானிய வம்சாவளியினர், சீனர், பிலிப்பினோ, ஹவாய்ப் பூர்வகுடிகள், வெள்ளையர் என்று பலவகைப்பட்ட மக்கள் வாழும் தீவுகள் அவை. தன்னைவிட உயரமும் எடையும் கூடிய மாணவர்களின் முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு வெறும் பலம் உதவாது. தூரமும் நேரமும் கைவசம் இருக்க வேண்டும். முறிந்த கையோடு ஆடிய மனிதருக்கு அந்தப் பாடம் புதிதல்ல.

அடுத்த கட்டம் ஐரோப்பா. பிரிட்டனில் கராத்தேயைத் தொடங்கியவர் வெர்னான் பெல் என்ற ஆங்கிலேயர். ஜூடோ ஆசிரியர். பிரான்சுக்குப் போய்ப் பயின்று வந்து, 1957-இல் பிரிட்டிஷ் கராத்தே சம்மேளனத்தை அமைத்தார். தொடக்கத்தில் பயிற்சி நடந்தது எஸ்ஸெக்ஸின் ஹார்ன்சர்ச்சில், அவருடைய பெற்றோர் வீட்டுத் தோட்டத்தில். பிரான்சில் இருந்த டெட்சுஜி முராகாமியை 1959-இல் வரவழைத்தார். இருந்தாலும் அந்நாளைய பிரிட்டிஷ் மாணவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் கைமாறி வந்த வித்தை. கொஞ்சம் பிரான்சு வழியாக, கொஞ்சம் புத்தகப் படங்கள் வழியாக. படத்தில் குத்தின் முடிவு தெரியும். அது எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது.

1965 ஏப்ரலில் நான்கு பேர் லண்டனில் வந்திறங்கினார்கள். தாய்ஜி கஸே மூத்தவர். அவரோடு கனஸாவா, 1963-இன் அனைத்து ஜப்பான் குமிதே வெற்றியாளர் கெய்னோசுகே எனோடா, அதற்கு முந்தைய ஆண்டின் வெற்றியாளர் ஹிரோஷி ஷிராய். ஜப்பான் கராத்தே சங்கம் அனுப்பிய செயல்விளக்கக் குழு. இந்த நால்வரும் பின்னாளில் ஐரோப்பாவின் கராத்தே வரைபடத்தையே தீர்மானித்தார்கள். கஸே பாரிஸில், ஷிராய் மிலானில், எனோடா முதலில் லிவர்பூலிலும் பிறகு லண்டனிலும் காலூன்றினார்கள். கனஸாவா, பெல்லின் சம்மேளனத்தோடு செய்துகொண்ட ஓராண்டு ஒப்பந்தத்தின்படி லண்டனிலேயே தங்கினார்.

வட லண்டனின் கென்டிஷ் டவுன் பகுதியில் லிண்ட்ஹர்ஸ்ட் மண்டபம். அங்கே வகுப்பு. அதுவரை படத்தைப் பார்த்துக் குத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது அந்தக் குத்தின் பிறப்பிடம் கண்முன்னே தெரிந்தது. ஷோடோகானின் எதிர்க்கைக் குத்தை எடுத்துக்கொள்வோம். இடது கால் முன்னே, முழங்கால் மடங்கியிருக்கிறது. வலது முட்டி இடுப்போரம், உள்ளங்கை வானம் பார்க்க. முதலில் கை நகராது. பின்னங்குதிகால் தரையை அழுத்துகிறது. இடுப்பு திரும்புகிறது. இடுப்பு இழுத்த பிறகே கை புறப்படுகிறது, முழங்கை விலாவை உரசிக்கொண்டு போகிறது. கடைசிக் கணத்தில்தான் முட்டி திரும்பி இறுகுகிறது. வலது கை போகும் அதே வேகத்தில் இடது கை இடுப்புக்குத் திரும்பி வர வேண்டும். தோள் ஏறினால் தவறு, மூச்சு அடைபட்டால் தவறு. இறுக்கம் ஒரு நொடிதான், உடனே உடல் முழுதும் தளர்ந்துவிட வேண்டும்.

இந்தத் தளர்ச்சிதான் கனஸாவாவின் கையெழுத்து. எனோடாவைப் பார்த்தவர்கள் புலி என்றார்கள். கனஸாவாவின் அசைவில் அப்படிப்பட்ட சீற்றம் இல்லை. நீளமான, மென்மையான நகர்வு. அடி விழுகிற இடத்தில் மட்டும் கூர்மை. பிற்காலத்தில் அவர் யாங் மிங்ஷியிடம் தாய்ச்சி கற்றதும் இதே தேடலின் தொடர்ச்சிதான். கராத்தே ஆசிரியர் ஒருவர், அதுவும் நாட்டின் முதல் சாம்பியன், வேறொரு கலையின் ஆசானிடம் போய் மாணவராக நிற்பது சாதாரணமான காரியம் அல்ல. கறுப்புப் பட்டை கட்டியதும் கற்றது போதும் என்று நினைக்கிற இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

லண்டனில் ஓராண்டு முடிவதற்குள் மாணவர்களில் ஒரு பெரும் பகுதியினர் பெல்லின் சம்மேளனத்தை விட்டுப் பிரிந்தார்கள். 1966-இல் பிரிட்டன் கராத்தே யூனியன் பிறந்தது. கனஸாவாவும் எனோடாவும் அதன் பக்கம் நின்றார்கள். இங்கே பெல்லுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர் தோட்டத்தில் விதைக்காமல் இருந்திருந்தால், அந்த நால்வரும் வந்து இறங்க பிரிட்டனில் ஓர் இடமே இருந்திருக்காது. அந்த வருகைக்குப் பத்தாண்டு கழித்து, 1975-இல் அமெரிக்காவின் லாங் பீச்சில் நடந்த உலகப் போட்டியில் குழுப் பிரிவுப் பட்டத்தைப் பிரிட்டன் வென்றது.

கனஸாவா லண்டனிலிருந்து ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சிப் பொறுப்பு ஏற்றார். பிறகு ஜப்பான் திரும்பினார். 1977-இல் சங்கத்தோடு அவருடைய உறவு முறிந்தது. வெளியேறி, ஷோடோகான் கராத்தே இன்டர்நேஷனல் என்ற சொந்த அமைப்பைத் தொடங்கினார். அவர் வெளிநாடுகளில் விதைத்த மாணவர்களில் பலர் அவர் பின்னாலேயே போனார்கள். சங்கத்துக்கு அது பெரிய இழப்பு. 1987-இல் நாகயாமா மறைந்ததும் அந்தச் சங்கமே இரண்டாகி, வழக்கு 1999 வரை நீதிமன்றத்தில் இழுபட்டது. ஃபுனாகோஷியின் பெயரைச் சொல்லிப் பழகுகிறவர்கள் இப்படிப் பிரிந்து கிடப்பது வருத்தம் தருகிறது. ஆனால் பிரிவுகளுக்கு அப்பாலும், எந்த அமைப்பைச் சேர்ந்த ஷோடோகான் மாணவரும் கனஸாவாவின் கட்டா படங்களைப் பார்த்துத் தன் நிலையைத் திருத்திக்கொள்கிறார் என்பது ஆறுதல்.

2019 டிசம்பர் 8 அன்று, 88-ஆம் வயதில், கனஸாவா காலமானார். குருவின் குரு ஃபுனாகோஷி மறைந்ததும் அதே வயதில்தான். அவருக்குப் பின் அமைப்பை அவருடைய மகன் நொபுவாகி நடத்திவருகிறார்.

முறிந்த கையோடு வென்ற கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, 1958-இல் இரண்டு நண்பர்கள் ஓர் அடியும் அடிக்காமல் நின்ற கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த பகுதியில், லிவர்பூலின் ரெட் டிரையாங்கிள் மன்றத்தில் காலடி வைத்த எனோடாவைச் சந்திப்போம்.

(தொடரும்)